பள்ளித் தோட்டத்துக் கிணறும் ஏழு ரிப்பன்களும்

1

இரண்டு பக்கம் எழுதினால் போதும் என்று தலைமையாசிரியை சிஸ்டர் கடிதம் போட்டிருக்கிறார். பள்ளியின் பொன்விழா மலரில் ‘அயல்நாட்டில் நம் ஆசிரியைகள்’ என்று ஒரு பகுதி வருகிறதாம். பன்மையில் போட்டாலும், குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியிலிருந்து கடல் தாண்டியவள் நான் ஒருத்திதான். நெதர்லாந்தின் கால்வாய்கள், பூந்தோட்டங்கள், குளிர் பற்றி மாணவிகளுக்குப் பயன்படும் விதமாக எழுத வேண்டும் என்று அடிக்கோடு வேறு போட்டிருக்கிறார்.

கால்வாயைப் பற்றியே எழுதுகிறேன் சிஸ்டர். ஆனால் உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி வராது.

எங்கள் வீட்டு வாசலிலிருந்து இருபது எட்டு வைத்தால் கால்வாய். அதற்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. வந்த புதிதில், இத்தனை பணக்கார நாட்டில் ஒரு சுவர் கட்ட வக்கில்லையா என்று என் கணவர் ஆரோக்கியத்திடம் கோபப்பட்டேன். அவர் சொன்னார்: “இங்க செவுரு கட்ட மாட்டாங்க. பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்துருவாங்க.”

அது உண்மைதான். இங்கே ஆறு வயதில் பல் விழுவதும் நீச்சல் வகுப்பில் சேர்வதும் ஒன்றாக நடக்கும். ஆரோக்கியத்துக்கு வேலை பறிபோன வருடம் எங்கள் மகள் ஷீபாவுக்கு ஆறு வயது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நகராட்சியே இலவசமாகக் கற்றுத் தருகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். ஏழு பக்கப் படிவம். அதில் ஏழை என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கேள்வியும் அந்தச் சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்தது. எத்தனை அறை, எத்தனை பேர், யாருக்கு வேலை, ஏன் இல்லை.

அதை நிரப்பும்போது எனக்குக் கை கூசியது. இப்படி ஒரு பட்டியலை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். ‘காலனிச் சிறுமிகளுக்கு இலவச நீச்சல், தண்ணீர்ப் பாதுகாப்புப் பயிற்சி’ என்று மேலே தலைப்புப் போட்டு, கீழே ஏழு பெயர். அன்று பேனா என் கையில் இருந்தது, பிள்ளைகள் அடுத்தவருடையவர்கள். அதனால் எழுத்து அழகாக வந்தது.

2

மலரைப் படிக்கிற இளையவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். காலனிச் சிறுமி ஒருத்தி துணி அலசப் போன இடத்தில், கைவிட்ட கல்லுக்குழியில் தேங்கிய தண்ணீரில் மூழ்கிப் போனாள். என் வகுப்புப் பிள்ளை. அடக்கத்துக்குப் போய் வந்த அன்றைக்கே நான் அப்போதைய தலைமையாசிரியையிடம் போய் நின்றேன்.

பையன்கள் எப்படியோ எங்காவது விழுந்து எழுந்து நீந்தப் பழகிவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தருவது? ஊர்க் கிணறுகளில் காலனிப் பிள்ளைகள் கால் வைக்க முடியாது, அதை நான் இங்கே விளக்க வேண்டியதில்லை. பள்ளித் தோட்டத்தில் சதுரக் கிணறு ஒன்று இருந்தது. பக்கவாட்டில் கல் படி, தை மாதத்தில் ஏழாவது படி வரை தண்ணீர். சனிக்கிழமைதோறும் அதில் பழக்கலாம் என்று அனுமதி வாங்கினேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. திண்டுக்கல் டவுனில் குழாயடியில் வளர்ந்தவளுக்கு எங்கே தெரியும்? கற்றுக் கொடுக்க வந்தவர் வீராயி. காலனிக்காரர், அப்போது முப்பது வயது இருக்காது. கணவன் கிணறு வெட்டுகிற வேலை. கிணற்றுக்குள் ஆள் இறங்கும்போது மேலே வடக்கயிறு பிடிப்பது வீராயி. யார் வீட்டு வாளி விழுந்தாலும் மூச்சடக்கி முங்கி எடுத்து வருவதும் அவர்தான். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்று வா, போ என்றுதான் பேசினேன். என்னை விட மூத்தவர்.

மூன்று சனிக்கிழமைகள் நன்றாகப் போயின. ஏழு சிறுமிகளும் அண்ணன் தம்பி டவுசரைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். முதுகில் காலி எண்ணெய் கேனை மூடி இறுக்கிக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, ஒவ்வொருத்தியாக இறக்குவார் வீராயி. “காலை அடி... அடி... மொகத்தத் தூக்காத... செத்த நேரம் தண்ணி மேல படுத்துக்க, அது ஒன்னைய ஒண்ணும் செய்யாது” என்று கிணறு அதிரக் கத்துவார். மூன்றாவது வாரமே செல்வி என்ற ஒன்பது வயதுக்காரி கேன் இல்லாமல் சுவருக்குச் சுவர் போய் வந்தாள். அவளுடைய தங்கை தேனுக்கு நாலு வயது. தானும் இறங்க வேண்டும் என்று படியில் உட்கார்ந்து ஒரே அழுகை. “அடுத்த வருசம் ஒன்னையும் எறக்குறேன்” என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

3

இங்கே ஒரு வருட வகுப்பு முடிகிற நேரத்தில், ஷீபா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அடுத்த வாரம் கொண்டு வர வேண்டியவை: முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, ஷூ.

அகராதியை வைத்து இரண்டு முறை படித்தேன். உடுப்போடும் ஷூவோடும் பிள்ளையைத் தண்ணீரில் குதிக்கச் சொல்கிறார்கள். அதில் தேறினால்தான் சான்றிதழ்.

தாளை நாலாக மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். அந்த வாரம் ஷீபாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அதற்கடுத்த வாரமும் காய்ச்சல். ஷீபா என்னவோ ஓடியாடிக் கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாவது வாரம் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. காரணம் நிரூபிக்காமல் இன்னொரு முறை வராவிட்டால் இலவச இடம் காத்திருப்பில் இருக்கும் வேறு பிள்ளைக்குப் போகும். கடிதத்தோடு நீச்சல் குள அலுவலகத்துக்கு ஓடினேன். பயத்தில் எனக்கு டச்சு மொழி கைவிட்டது. மகள் மூழ்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தவள், மகள் மூழ்கிவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, குளத்தைப் பார்க்க ஓடினாள். அவளை நிறுத்திப் புரிய வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

பிறகு பயிற்சியாளரே வந்தார். என்னை விடச் சின்னப் பெண். பொறுமையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நீச்சல் உடையோடு யாரும் கால்வாயில் விழுவதில்லை அம்மா, உடுப்போடுதான் விழுவார்கள். அதனால் முதலில் வெறும் நீச்சல் உடையில் உடம்பைப் பழக்குவோம். உடம்புக்குத் தண்ணீர் பழகிய பிறகுதான் துணியோடு இறக்குவோம். வரிசை மாறினால் ஆபத்து.

அந்தக் கடைசி வார்த்தையை இதற்கு முன் நான் திண்டுக்கல் தமிழில் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் ஷீபா அரிசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தத் தாள் அவள் கையில். எப்போதும் எனக்குப் பாதித் தமிழில் பதில் சொல்கிறவள், அன்று முழுக்க டச்சிலேயே பேசினாள். நீ பொய் சொன்னாய். உனக்கு நீந்தத் தெரியாது, அதனால் எனக்கும் தெரியக் கூடாது. அவ்வளவுதான் சொன்னாள். அவள் சொன்னதில் பாதி சரி.

4

நாலாவது சனிக்கிழமை நடந்ததை எழுதத்தான் இத்தனை சுற்றி வந்தேன்.

மூன்றாவது வாரமே கிணற்று மேட்டில் வேடிக்கை பார்க்க ஆள் கூடிவிட்டது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏம்மா டீச்சர், பொம்பளப் பிள்ளைகள டவுசரப் போட்டுக் கூத்தடிக்க விடுறீகளே, இதான் ஒங்க சாமி சொல்லிக் குடுத்துச்சா?” என்றார். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. பேச்சு அப்போதைய சிஸ்டர் காதுக்குப் போவதற்குள் நானே சட்டம் போட்டேன். இனி எல்லோரும் முழுப் பாவாடை, சட்டையோடுதான் வர வேண்டும்.

வீராயி ஒத்துக்கொள்ளவில்லை. “வேணாம் டீச்சர். மொதல்ல ஒடம்பு தண்ணியப் படிக்கட்டும். பாவாடையோட நாமளே பொறகு எறக்குவோம், அதும் தெரியணும்ல. இப்பவே எறக்குனா வம்பு.”

“நான் சொன்னா சொன்னதுதான்” என்றேன்.

நாலாவது வாரம் ஏழு பேரும் பாவாடையில் வந்து நின்றார்கள். அப்போதுதான் எனக்கு இன்னொரு கவலை பிடித்தது. தண்ணீரில் இறங்கினால் பாவாடை குடை மாதிரி விரிந்து மேலே எழும்பும். மேட்டில் நிற்கிறவர்களுக்குத் தொடை தெரியும். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். சிறுமிகளின் சடையிலிருந்த சிவப்பு ரிப்பன்களை அவிழ்த்து, பாவாடையின் அடியை இரண்டு கணுக்கால்களோடும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். ஏழு பேருக்கும் நானே குனிந்து கட்டினேன். நல்ல யோசனை என்று எனக்குப் பெருமை வேறு. தேனு தனக்கும் கட்டச் சொல்லி அடம் பிடித்தாள். அவளுக்கும் விளையாட்டாகக் கட்டிவிட்டேன். மேட்டில் தத்தித் தத்திக் குதித்துச் சிரித்தாள்.

வீராயி கிணற்றுக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்துப் பதறிப்போனார். “டீச்சர்! காலக் கட்டிப்புட்டு எதை அடிக்கச் சொல்வேன்?”

“செல்விக்குத்தான் நல்லாத் தெரியுமே, அவள மொதல்ல எறக்கு. பேசாமச் செய்யி.”

வீராயி படிக்கு ஏறி வந்து செல்வியின் இடுப்பில் கயிறு கட்டினார். கேன் வேண்டும் என்றார்; செல்வி வேண்டாம் என்றாள், நானும் வேண்டாம் என்றேன். செல்வி எப்போதும் போல மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

அடி கட்டிய பாவாடைக்குள் காற்று அடைபட்டது. அது பந்து மாதிரி உப்பி மேலே வந்தது. அதோடு கால் மேலே வந்தது. தலை கீழே போனது. தண்ணீருக்கு மேலே சிவப்பு ரிப்பன் கட்டிய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. வீராயி கயிற்றை இழுத்தார். இழுக்க இழுக்க இடுப்புதான் எழும்பியது, தலை எழும்பவில்லை. செல்வியின் கைகள் அடியில் எதையோ தேடித் துழாவுவது கலங்கலில் மங்கலாகத் தெரிந்தது. நான் ஏசுவே, ஏசுவே என்று கத்திக்கொண்டு நின்றேன். என் கால் ஒரு படி கூட இறங்கவில்லை.

வீராயி கயிற்றை விட்டார். விட்டுவிட்டுக் குதித்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே வந்தபோது செல்வியின் தலை அவர் தோளில் இருந்தது, ரிப்பன் அவர் பல்லில் இருந்தது. ஈர முடிச்சு கையால் அவிழவில்லை என்று கடித்து அறுத்திருக்கிறார். செல்வியைக் குப்புறப் போட்டதும் தண்ணீரை வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள். அவள் அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மற்ற ஆறு பேரின் காலிலும் தேனுவின் காலிலும் இருந்த ரிப்பன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து என் கைப்பைக்குள் போட்டேன், பள்ளியிலிருந்து யாரும் வருவதற்குள்.

அன்று மதியமே பள்ளி வராந்தாவில் விசாரணை. தலைமையாசிரியை, செல்வியின் அப்பா, மேட்டில் நின்று பார்த்த நாலு பேர். “வீராயி கயித்த விட்டதக் கண்ணால பாத்தோம்” என்றார்கள் அந்த நாலு பேரும். மேட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு அதுதான் தெரிந்தது, ரிப்பனை அவர்கள் பெரிதாக எடுக்கவில்லை; பிள்ளைகளை யாரும் கேட்கவும் இல்லை. தலைமையாசிரியை என்னைப் பார்த்துக் கேட்டார்: “ரெஜினா, வீராயி கயித்த விட்டாளா?”

வீராயி தூணோரம் ஈரச் சேலையோடு நின்றார். மூடிய கையின் விரலிடுக்கில் சிவப்பு நூல் ஒன்று தொங்கியது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா சிஸ்டர், விட்டுட்டா” என்றேன்.

நான் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. இத்தனை வருடம் அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

வகுப்பு அன்றோடு நின்றது. அந்த வருடக் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆனது, பிறகு இந்த நாடு.

5

ஷீபாவின் தேர்வு நாளில் பெற்றோர்கள் குளத்தோரம் பெஞ்சில் உட்காரலாம். செருப்புக்கு மேல் நீல நிற உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆரோக்கியம் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நான் எழுந்து ஓடிவிடுவேன் என்று அவருக்குப் பயம். வரிசையில் பன்னிரண்டு பிள்ளைகள். கால்சட்டை, சட்டை, ஷூ. ஷீபா என் பக்கம் திரும்பவே இல்லை.

விசில் ஊதினார்கள். குதித்தாள்.

சட்டைக்குள் காற்று புகுந்து முதுகில் மேடாக எழும்பியது. தலை உள்ளே போனது. நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. தண்ணீருக்கடியில் அவள் கைகள் அலைந்தன. எனக்கு அது ஷீபாவின் கையாகத் தெரியவில்லை. எழுந்துவிட்டேன், ஆரோக்கியம் பிடித்து இழுத்தார்.

தலை வெளியே வந்தது. ஒரு கையால் சட்டையின் கழுத்தை இழுத்துக் காற்றை வெளியே விட்டாள், சொல்லிக்கொடுத்தபடி. ஷூ போட்ட காலை அடித்து, அக்கரைக்குப் போய், கையூன்றி ஏறினாள். ஈரம் சொட்டச் சொட்ட நேராக என்னிடம் வந்தாள். “பாத்தியாம்மா? துணி இருந்தா என்ன, கால் சும்மாதானே இருக்கு” என்றாள். தமிழில்.

எனக்கு அங்கேயே அடக்க முடியவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

6

அடுத்த ஞாயிறு, திண்டுக்கல்லில் இருக்கும் என் அண்ணன் பூசை முடிந்ததும் செல்போனோடு பைக்கில் காலனிக்குப் போனார். வீராயி வீட்டு வாசலில் நின்று போனைக் கொடுத்தார்.

“யாரு?”

“நான் ரெஜினா டீச்சர் பேசுறேன்.”

பின்னால் ஆடு கத்தியது.

“சொல்லுங்க டீச்சர். வெளிநாட்டுல இருக்கீகளாமுல்ல. நல்லா இருக்கீகளா?”

“வீராயி, அன்னைக்கு நீங்க கயித்த விட்டது குதிக்கிறதுக்குத்தான். ரிப்பன் கட்டுனது நான். சிஸ்டர் கேட்டப்ப நான் அதைச் சொல்லல.” நீங்க என்று அவரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

“அவுத்தவளுக்குத் தெரியாதா டீச்சர், கட்டுனது யாருன்னு.”

“அப்ப ஏன் நீங்களும் சொல்லல?”

“எம் மக ஒங்க கிளாசுலதான இருந்துச்சு. சொன்னா அவளக் கிளாசுல வச்சிருப்பீகளா?” கோபமே இல்லாமல் கேட்டார். “கயித்த விட்டவன்னு பேரு வந்திருச்சு. அப்பறம் கெணத்து வேலைக்கு எவன் என்னையக் கயிறு புடிக்கக் கூப்புடுவான்? அது கெடக்கட்டும். செல்வி தங்கச்சி தேனு இருந்துச்சே, ஞாவகம் இருக்கா?”

இருக்கிறது என்றேன்.

“நீங்க போயி மூணு வருசம் இருக்கும். அதே கல்லுக்குழியில போயிருச்சு டீச்சர். எட்டு வயசு. கரைக்கும் அதுக்கும் ரெண்டு பாகந்தான், ரெண்டாளு கை விரிச்ச தூரம். நாலு தடவ காலை அடிச்சிருந்தா ஏறியிருக்கும். அவுக அப்பங்கிட்ட நான் எம்புட்டோ கேட்டேன், சின்னவளையாவது எங்கிட்ட விடுங்க, பழக்கித் தாரேன்னு. கயித்த விட்டவ கையில எம் பிள்ளைய விடுவனான்னுட்டாரு.”

அண்ணன் பக்கத்தில் இருமுவது கேட்டது. மன்னிச்சிருங்க வீராயி என்று எப்படியோ சொன்னேன்.

“எங்கிட்டச் சொல்லி என்ன டீச்சர் ஆகப் போகுது?” என்றார் வீராயி. “ஊருக்குச் சொல்லுங்க.”

போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டார்.

7

ஆகவே ஊருக்குச் சொல்கிறேன். கயிற்றை விட்டது வீராயிதான். விட்டதால்தான் செல்வி பிழைத்தாள். பிள்ளைகளின் காலைக் கட்டியது நான். கேட்டபோது மறைத்ததும் நான். தேனுவின் அப்பா இதைப் படிப்பார் என்று தெரியும். அவரிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சிஸ்டர், மலருக்கு இது பொருந்தாது என்று வெட்டிவிட வேண்டாம். வெட்டினால் அண்ணன் இதை நகல் எடுத்துக் காலனி முக்கில் ஒட்டுவார், சொல்லி வைத்திருக்கிறேன். தோட்டத்துக் கிணறு தூர்ந்துபோகாமல் இருக்கிறது என்றும் அவர் பார்த்துச் சொன்னார். தை மாதம் தண்ணீர் இருக்கும். வீராயியை நீங்களே வீடு தேடிப் போய்க் கூப்பிடுங்கள்.

பெண் பிள்ளைகளை அவர் கையில் விடுங்கள். முதலில் டவுசர், பாவாடை அப்புறம். மேட்டில் நின்று யார் என்ன சொன்னாலும் வரிசை மாற வேண்டாம். ரிப்பன் தலைக்கு மட்டும்.